ஐந்தாம் அறையும் ஆறாம் அறையும்

செவெரினோ நீட்டிய மெனு அட்டையை அந்த அம்மாள் வாங்கவில்லை. அட்டைக்குப் பின்னால் இருந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மத்தியானக் கூட்டம் அவளை இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு லிமாவின் சீனக் கடைத்தெருவான காப்போன் தெருவுக்குள் போய்க்கொண்டிருந்தது. சிஃபா என்று அங்கே சொல்லும் ஒவ்வொரு சீன உணவகத்தின் வாசலிலும் அவரைப் போல ஒருவர் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையை ஆட்டிக்கொண்டு கூவிக்கொண்டிருந்தார். "மாடியில இடம் இருக்கு, வாத்து இப்பத்தான் இறக்கினது, உள்ள வாங்க, உள்ள வாங்க." இதையே செவெரினோ ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவையாவது சொல்வார். சொல்லும்போது யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கால்களைத்தான் பார்ப்பார். எந்தக் கால் தயங்கும், எந்தக் கால் நிற்காமல் போய்விடும் என்று பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும். இந்தக் கால்கள் தயங்கவில்லை. நேராக வந்து அவர் முன்னால் நின்றன. வலது பாதம் சற்று உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. அந்தப் பாதத்தை அவர் எங்கேயோ பார்த்திருக்கிறார். எங்கே என்று உடனே பிடிபடவில்லை.

"நீங்க கான்டன் நிலாவுல சர்வரா இருந்தவர்தானே?"

"இருந்தேம்மா. அந்தக் கடையை மூடி இருபது வருஷமாச்சு. இப்ப அங்க செல்போன் உறை விக்கிறான்."

"பேரு தெரியாது. முகம் மறக்கல. ஒருநாள் சாயங்காலம் எனக்கு ஒரு பன்னைக் காகிதத்துல சுத்திக் கையில குடுத்தீங்க. காசு வேணாம்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

செவெரினோ அட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஞாபகம் இருந்தது. பன்னுக்குள் இருந்த இனிப்புப் பன்றி இறைச்சியின் சூடு காகிதத்தைத் தாண்டி விரலில் பட்டதுகூட ஞாபகம் இருந்தது. "எத்தனையோ பேரு வருவாங்க போவாங்கம்மா. எதைன்னு ஞாபகம் வச்சுக்கறது?" என்றார்.

அவள் சிரித்தாள். அறுபது வயது இருக்கும். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். பெயர் தேலியா என்றாள். மூலையில் இருந்த சீன மளிகைக்கடைக்காரர் சியூவின் மகள். கல்யாணமாகி வடக்கே சிக்லாயோவுக்குப் போய், முப்பத்தெட்டு வருஷம் ஒரு மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுத்து, புருஷன் போன பிறகு மகனோடு இருக்க லிமாவுக்கே திரும்பி வந்துவிட்டாளாம்.

"இந்தத் தெருவுலதான் பொறந்தேன். இங்க ஒரு கடையிலயும் சாப்பிட்டதில்ல. சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. எங்கப்பா நல்லா சமைப்பாரு. வெளியில போய்த் தின்னா என் சமையலை அவமானப்படுத்தற மாதிரின்னு சொல்லுவாரு. ஜன்னல்ல நின்னு வாசனை பிடிச்சதோட சரி. சாப்பிட்டது உங்க கடை ஒண்ணுலதான். இப்ப யாரும் கேக்கறதுக்கு இல்ல. ஒவ்வொரு கடையா உக்காந்து சாப்பிடணும்னு இருக்கு. தனியா உக்காந்தா மேசையில பாதி வீணாப்போகுது. உங்களுக்கு எது நல்ல கடைன்னு தெரியும். லீவு நாள்ல கூட வர்றீங்களா? சாப்பாடு என் செலவு."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "திங்கட்கிழமை" என்று வந்துவிட்டது.

*

கான்டன் நிலாவில் எட்டு அறைகள் இருந்தன. கடைசி அறையின் எண் ஒன்பது. நான்காம் எண் கிடையாது. நான்கு சாவு எண் என்று முதலாளி ஃபூக் அதை எழுதவே விடவில்லை. மூன்றுக்கு அடுத்தது ஐந்து. ஆளுயரப் பலகைத் தடுப்பு, வாசலுக்குச் சிவப்புத் துணித் திரை, மேசைக்கு அடியில் மணிப் பொத்தான். மணி அடிக்காமல் சர்வர் திரையைத் தொடக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளி சொன்னார்: "திரை மூடியிருந்தா உள்ள யாருமே இல்ல. எவன் வந்து கேட்டாலும் 'யாரும் வரலைங்க'ன்னு சொல்லு. போலீஸ் கேட்டாலும் அதான், பாதிரியார் கேட்டாலும் அதான். கடைக்கு வெளியில பாத்தா தெரியாத மாதிரி போயிடணும். தெருவுல எவரையாவது பேரு சொல்லிக் கூப்பிட்டேன்னு கேள்விப்பட்டா அன்னையோட உன் சீட்டைக் கிழிச்சிடுவேன்." புருஷனைத் தேடி மனைவிகள் வருவார்கள். மகளைத் தேடி அப்பன்கள் வருவார்கள். யாரும் வரலைங்க. ஆறு மாதத்தில் அந்த வாக்கியத்தை யோசித்துச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. கேள்வி வந்தால் போதும், நாக்கு தானாகவே சொல்லிவிடும்.

மளிகைக்கடைக்காரரின் மகளும் அவள் காதலித்த விதாலும் வியாழக்கிழமைகளில் நாலு மணிக்கு வருவார்கள். விதால் மலைநாட்டுப் பையன், ஹுவாங்காயோக்காரன், ஏதோ அச்சகத்தில் வேலை. அவன் விரல் இடுக்குகளில் எப்போதும் மை இருக்கும். அவள் முதலில் வந்து மூன்றாம் அறையில் உட்கார்ந்திருப்பாள். அவன் எப்போதும் தாமதமாக, மூச்சிரைக்க வருவான். இறைச்சி வைத்துப் பொரித்த மாவு மடிப்பான வான்டானும் புளிச்சாறும் ஒரு தட்டு. அதையே இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டிருப்பார்கள். அவள் வீட்டில் இது தெரிந்தால் என்ன ஆகும் என்பது தெருவுக்கே தெரியும். சீனன் பெண்ணைச் சீனனுக்குத்தான் கொடுப்பார் சியூ.

அந்தக் கடைசி வியாழக்கிழமை எல்லாமே இடம் மாறிப் போனது. மூன்றாம் அறையில் ஒரு ஞானஸ்நான விருந்து. கைக்குழந்தையும் பதினான்கு பேரும், கூடவே கொண்டுவந்த பாட்டுப்பெட்டியும். விதால் மூன்றரைக்கே வந்துவிட்டான், சின்னப் பெட்டியோடு. வேறொரு சர்வர் அவனை ஐந்தாம் அறையில் உட்கார வைத்தான். நாலு மணிக்கு அவள் வந்தாள். வாசல் வழியாக அல்ல. தெருமுனையில் அவள் அண்ணன் நின்றுகொண்டிருந்ததால் சமையல்கட்டு வழியாக வந்தாள். முதலாளியின் மனைவி அவளை ஆறாம் அறைக்குள் தள்ளித் திரையை இழுத்துவிட்டாள். இரண்டு அறைகளுக்கும் டீ கொண்டுபோனது செவெரினோ. பார்த்தார். அண்ணன் வெளியே நிற்கிறான், ஜாக்கிரதையாகத்தான் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். கெட்டிக்காரர்கள் என்றுகூட நினைத்தார்.

ஐந்து மணிக்கு அந்த அண்ணன் உள்ளே வந்து கேட்டான். யாரும் வரலைங்க. அந்தப் பொய்யில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஆறு மணிக்கு ஐந்தாம் அறையின் மணி அடித்தது. திரையை விலக்கினால், தொடாத தட்டுக்கு முன்னால் விதால் உட்கார்ந்திருந்தான். "யாராவது வந்தாங்களா?" என்று கேட்டான். முதலாளி இரண்டடி பின்னால் கல்லாவில் இருந்தார். செவெரினோவின் நாக்கு சொல்லிவிட்டது. "யாரும் வரலைங்க."

சமையல்கட்டுக்குப் போய்ச் சூப்புக் கிண்ணங்களைத் தட்டில் எடுத்து வைக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. பக்கத்து அறையில் மற்றவர் இருப்பது இவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. திரும்பி ஓடி வந்தபோது ஐந்தாம் அறையின் திரை திறந்திருந்தது. டீக்கோப்பைக்கு அடியில் பணம். வாசலுக்குப் போனார். நாற்பதடி தள்ளி, ஜன சந்தடியில், பழுப்புக் கோட்டும் சின்னப் பெட்டியும் போய்க்கொண்டிருந்தன. கூப்பிட்டிருக்கலாம். பெயர் தெரியும். வாயைக்கூடத் திறந்தார். கடைக்கு வெளியே பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. சூப்புத் தட்டை ஏந்தியபடி அங்கேயே நின்றார், கோட்டு மூலையில் திரும்பும்வரை.

அதுகூடப் பரவாயில்லை. இத்தனை வருஷத்தில் அதைக்கூட அவர் தனக்குத்தானே மன்னித்திருப்பார். ஆறரைக்கு ஆறாம் அறையின் மணி அடித்தது. "யாரும் வரலையா?" என்று அவள் கேட்டாள். அவர்கள் ஓடிப்போக இருந்த ஹுவாங்காயோ பஸ் ஏழு மணிக்கு. ஓடினால் பிடித்துவிடலாம். அப்போது முதலாளி பக்கத்தில் இல்லை. யாருமே இல்லை. 'அவர் வந்திருந்தார், நான்தான் பொய் சொல்லி அனுப்பிவிட்டேன்' என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். "இல்லம்மா" என்றார். அடுத்த வியாழக்கிழமை எப்படியும் அவன் வருவான், அப்போது சரியாகிவிடும் என்று நினைத்தார். அந்த வியாழனும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. இருவரில் ஒருவரும் வரவில்லை. அன்றைக்கு அவள் எழுந்து போகும்போதுதான் ஓடிப்போய் அந்தப் பன்னை எடுத்து வந்து கொடுத்தார்.

*

திங்கட்கிழமைகள் இப்படித்தான் ஆரம்பித்தன. முதல் வாரம் பாருரோ தெருவில் வாத்துக் கஞ்சி. காலை பத்து மணிக்குப் போனால்தான் கிடைக்கும், அதற்கப்புறம் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள் என்று செவெரினோ சொல்ல, பத்து மணிக்கே வந்து நின்றாள் தேலியா. இரண்டாம் வாரம் சந்தைக்குப் பின்னால் ஒரு மாடி. கதவில் பெயர்கூட இல்லை. இறால் வைத்து ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டை. மாவு உள்ளிருப்பது தெரியுமளவு மெல்லியதாக இருக்க வேண்டும், தூக்கும்போது கிழியவும் கூடாது. "கிழிஞ்சா சமையல்காரன் முந்தின நாள் குடிச்சிருக்கான்னு அர்த்தம்" என்றார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மூன்றாம் வாரம் கொக்கியில் தொங்கும் வாத்து. கடைக்காரன் வெட்டும்போது கழுத்துப் பக்கம் கேட்காதே, இடுப்புப் பக்கம் கேள் என்று சொல்லிக் கொடுத்தார். அவள் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. மெதுவாகச் சாப்பிட்டாள். நடுவில் நிறுத்தி, கண்ணை மூடி, அப்பாவுடைய இஞ்சி இதைவிடக் காரம் என்றோ, இதில் சர்க்கரை கூட என்றோ சொல்வாள். பிறகு இருவரும் வெகுநேரம் பேசாமல் இருப்பார்கள். அந்த மௌனம் அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததுதான் தொந்தரவாகவும் இருந்தது. மனைவி இறந்த மூன்று வருஷத்தில் எதிரே ஒருவரை வைத்துக்கொண்டு அவர் சாப்பிட்டதில்லை.

எதிர்க் கடைக்கு ஆள் கூப்பிடும் ரூஃபினா விட்டு வைக்கவில்லை. "என்ன செவெரினோ அண்ணே, திங்கக்கிழமையானா சட்டை மொடமொடன்னு நிக்குது? முடிக்கு எண்ணெய் வேற!"

"போடி, போய் உன் அட்டையை ஆட்டு."

"நான் ஆட்டறது இருக்கட்டும். ஊரையே உள்ள வா உள்ள வான்னு கூப்பிடறீங்க, உங்களை ஒருத்தி வந்து கூட்டிக்கிட்டுப் போறாளே!"

தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார். இவளுக்கென்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டார்.

எந்தக் கடைக்குப் போனாலும் ஒன்றை மட்டும் தேலியா வேண்டாம் என்பாள். சர்வர் முதலில் கொண்டுவருவதே பொரித்த வான்டானும் புளிச்சாறும்தான், எல்லா மேசைக்கும் அதுதான் வழக்கம். அவள் தட்டை ஒரு விரலால் மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிடுவாள். ஐந்தாம் வாரம் அவர் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். கண்ணாடிக்கு வெளியே லிமாவின் சாம்பல் வானம் மழையும் பெய்யாமல் வெளிச்சமும் தராமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"அந்த விதால் ஞாபகம் இருக்கா உங்களுக்கு? இருக்காது. ஒருத்தரை நம்பி வீட்டை விட்டு வந்தேன். உங்க கடையில ரெண்டரை மணி நேரம் உக்காந்திருந்தேன். அவர் வரல. அது போகட்டும். பக்கத்து அறையில எவனோ ஒருத்தன். எவ்வளவு நேரமா சாப்பிடற குச்சியால கோப்பையைத் தட்டிக்கிட்டே இருந்தான் தெரியுமா! டக் டக் டக், கொஞ்சம் நிறுத்துவான், மறுபடி டக் டக் டக். மூணாம் அறையில பாட்டு ஓயறப்பல்லாம் அதான் கேக்கும். இந்த வான்டான் வாசனை வேற, பலகை இடுக்கு வழியா. என் உயிர் போய்க்கிட்டிருக்கு, இவன் தின்னுக்கிட்டுத் தாளம் போடறானேன்னு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்திரம்! பலகையில ஓங்கி ஒரு குத்து விடலாமான்னு கையைக்கூட மடக்கிட்டேன். நல்ல குடும்பத்துப் பொண்ணு, எப்படிக் குத்தறது? சும்மா இருந்துட்டேன். வேடிக்கையைப் பாருங்க, விதால் மேல வந்த கோபம்கூட அப்பப்ப ஆறிப்போச்சு. முகம் தெரியாத அந்த ஆள் மேல இன்னும் ஆறல."

விதால் காத்திருக்கும்போது எப்படி இருப்பான் என்று அவளுக்குத் தெரியாது. காத்திருந்ததெல்லாம் எப்போதும் அவள்தான். செவெரினோ டீக்கெண்டியின் மூடியைச் சாய்த்து வைத்தார். வெந்நீர் வேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளம். சர்வர் வந்து ஊற்றிவிட்டுப் போகும்வரை தலையை நிமிர்த்தவில்லை.

"அன்னைக்கு இந்தத் தெருவுலயே என்கிட்ட இரக்கமா நடந்துக்கிட்ட ஒரே ஆள் நீங்கதான்" என்றாள் அவள். "அந்தப் பன்னைக் கையில வச்சுக்கிட்டேதான் வீட்டுக்குப் போனேன். அண்ணன் அடிச்சப்பகூட அதைக் கீழ போடல. அப்புறம் சிக்லாயோக்காரரைப் பாத்துக் கட்டி வச்சாங்க. நல்ல மனுஷன்தான். நான்தான் ஒருநாளும் அவரோட மனசுவிட்டுச் சிரிக்கல. ஒருத்தன் நம்மளை இப்படி உக்கார வச்சுட்டுப் போவான்னா எவனை நம்பறது?"

அன்று இரவு படுக்கையில் செவெரினோ யோசித்தது புதிதாக ஒன்றுமில்லை. முப்பத்தொன்பது வருஷமாக யோசித்ததுதான். ஆனால் அதுவரை அந்த யோசனையில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். இப்போது சிரிக்க வராத ஒரு பெண்ணோடு காலம் தள்ளிய, முகம் தெரியாத ஒரு சிக்லாயோக்காரரும் வந்து சேர்ந்துகொண்டார். ஒரு சின்ன வாக்கியம் இவ்வளவு தூரம் போகுமா?

ஆறாம் வாரம் போகவில்லை. காய்ச்சல் என்று ரூஃபினாவின் போனிலிருந்து சொல்லி அனுப்பினார். மறுநாள் அவள் எலுமிச்சம்பழமும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு கடைவாசலுக்கே வந்துவிட்டாள். மருந்துக்கடைக்காரி அல்லவா, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். தெருவில், எல்லார் எதிரிலும், அறுபத்து மூன்று வயது மனிதர் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார்.

"இந்த நாக்குக்கு ஒரு நோயும் இல்லையே" என்றாள்.

*

எட்டாம் வாரம் கடையை அவளே தேர்ந்தெடுத்தாள். பாருரோ தெருக் கோடியில் ஒரு பழைய சிஃபா. மாடியில் இன்னும் நாலைந்து தடுப்பு அறைகளை வைத்திருந்தார்கள். ஒளிந்துகொள்ள வேண்டியவர்கள் இப்போதெல்லாம் இங்கே வருவதில்லை. குழந்தை குட்டிகளோடு வரும் குடும்பங்களுக்குத்தான் அவை பயன்பட்டன. படியேறியதும் செவெரினோ ஒவ்வொன்றாகப் பார்த்தார். பலகை, திரை, மேசைக்கடியில் பொத்தான். பக்கத்து அறையில் ஒரு பெரிய குடும்பம் யாருடைய பிறந்தநாளுக்கோ கூடியிருந்தது. ஒருவன் ஏதோ கதை சொல்ல, மற்றவர்கள் ஒரேயடியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சர்வர் பெண் வந்ததும் தேலியா அட்டையைப் பார்க்காமலே சொன்னாள். "வான்டான் ஒரு தட்டு. புளிச்சாறு தனியா."

தட்டு வந்தது. பொன்னிறமாக, ஓரங்கள் நெளிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக. ஒன்றை எடுத்துச் சாற்றில் தோய்த்துக் கடித்தாள். நொறுங்கும் சத்தம் அவருக்குக் கேட்டது. இன்னொன்று எடுத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. இது என்ன பாவம் பண்ணுச்சு? இத்தனை வருஷம் சும்மா ஒதுக்கி வச்சுட்டேன்." கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "இன்னைக்கு இதோட கணக்கையும் முடிச்சிடலாம்னு வந்தேன். என் மகன் கம்ப்யூட்டர்ல தேடிக் கண்டுபிடிச்சுக் குடுத்தான். விதாலோட நம்பர். ஹுவாங்காயோவுலதான் இருக்காராம். பெண்டாட்டி செத்துப் போச்சாம். நாலு மாசமா பையில வச்சுக்கிட்டுத் திரியறேன். கூப்பிட்டு, ஏன் வரலைன்னு ஒரே ஒரு வார்த்தை கேக்கலாமான்னு. அப்புறம் யோசிச்சேன். வராதவன்கிட்ட எதைக் கேக்கறது? இந்த வயசுல எனக்கு மானம் வேணாமா? கிழிச்சுப் போட்டுடறேன். நீங்க சாட்சி."

அவள் காகிதத்தின் இரண்டு ஓரங்களையும் பிடித்தாள். செவெரினோ கையை நீட்டி அதன்மேல் வைத்தார். தன் கை இவ்வளவு கிழண்டு போயிருப்பதை அவர் அப்போதுதான் பார்த்தார்.

"வேண்டாம்மா."

"ஏன்?"

சொல்லிவிட்டால் இந்தத் திங்கட்கிழமை கடைசித் திங்கட்கிழமை என்று அவருக்குத் தெரிந்தது. கஞ்சியும் வாத்தும் இந்த மௌனமும் முடிந்துவிடும். அந்த ஒரு பன்னுக்காக ஒரு மனிதப் பிறவி அவரைப் பற்றி வைத்திருந்த நல்ல நினைப்பும் போய்விடும். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் இவள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். அதைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பது? சொல்லாமல் இருப்பதுதான் இரக்கம் என்று மனது வக்காலத்து வாங்கியது. அந்தக் குரலை அவர் அடையாளம் கண்டுகொண்டார். ஆறரை மணிக்கு, யாருமில்லாத அந்த இடைவழியில், 'இல்லம்மா' என்று சொல்ல வைத்த அதே குரல்.

"பக்கத்து அறையில குச்சியால தட்டிக்கிட்டிருந்தாருன்னு சொன்னீங்களே." காகிதத்தின் மேலிருந்த கையை அவர் எடுக்கவில்லை. "அஞ்சாம் அறையில. அது எவனோ இல்லம்மா. அது விதால்தான்."

அவள் அவரைப் பார்த்தாள். புரிந்த பார்வை அல்ல. கடைக்காரன் சொன்ன விலை சரியாகக் காதில் விழாதவளின் பார்வை போல இருந்தது.

"மூணரைக்கே வந்துட்டாரு. பெட்டியோட. மூணாம் அறையில விருந்து நடந்ததால அஞ்சுல உக்கார வச்சாங்க. நீங்க பின்பக்கமா வந்தீங்க, ஆறுல உக்கார வச்சாங்க. உங்க அண்ணன் வெளிய நிக்கறதால வேணும்னேதான் தனித்தனியா இருக்கீங்கன்னு நான் நெனச்சுட்டேன். அந்த வான்டான் உங்களுக்காக வாங்கினது. நீங்க வந்ததும் சூடா இருக்கணும்னு ரெண்டு தடவை சூடு பண்ணி வரச் சொன்னாரு. அவர் ஒண்ணுகூட வாயில வைக்கல."

பக்கத்து அறையில் மறுபடியும் ஒரு சிரிப்பலை எழுந்து அடங்கியது.

"கேட்டாரா?" என்றாள் அவள். "நான் வந்தேனான்னு, யார்கிட்டயாவது கேட்டாரா?"

"என்கிட்ட கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அந்த வாக்கியத்தை வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். இப்போது அது வரவில்லை. ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னார். "யாரும் வரலைங்கன்னு."

"எனக்கும் அதையேதான் சொன்னீங்க."

"ஆமாம்மா."

"அப்ப மணி என்ன?"

"ஆறரை."

அவள் உதடுகள் லேசாக அசைந்தன. ஆறரையிலிருந்து ஏழுவரை எத்தனை நிமிஷம் என்று எண்ணுகிறவளைப் போல. அவர் அதுவரை அவளோடு பகிர்ந்துகொண்ட எந்த மௌனத்தையும் போல இந்த மௌனம் இல்லை. திட்டினால் தேவலை என்றிருந்தது. எழுந்து போனால் தேவலை. முதலாளியின் கட்டளை, பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த மனைவி, வேலை போய்விடும் என்ற பயம் என்று காரணங்கள் வரிசையாக வந்து நாக்கில் நின்றன. ஒன்றையும் வெளியே விடவில்லை.

"அந்தப் பன்னு," என்றாள் கடைசியில். "அதுக்குத்தான் குடுத்தீங்களா?"

"ஆமாம்மா."

அவள் தலையை அசைத்தாள். காகிதத்தை அவர் கைக்கு அடியிலிருந்து மெல்ல இழுத்தெடுத்தாள். கிழிக்கவில்லை. பிரிக்கவும் இல்லை. தட்டுக்குப் பக்கத்தில், சாறு படாத இடமாகப் பார்த்து வைத்தாள். மீதியிருந்த வான்டான்கள் ஆறிக்கொண்டிருந்தன. பொரித்த மாவு ஆறும்போது அதன் மினுமினுப்பு போய் மங்கிவிடும். செவெரினோ அதைத் தினமும் பார்த்திருக்கிறார். இன்று அதைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

பிறகு அவள் ஒரு குச்சியை எடுத்தாள். அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாதவளைப் போல விரல்களுக்கிடையில் புரட்டினாள். கோப்பையின் விளிம்பில் தட்டினாள். டக், டக், டக். நிறுத்தி, பலகைப் பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மறுபடியும் தட்டினாள். டக், டக், டக்.

கூப்பிடும் சத்தம் கேட்டால் எழுந்துவிடும் உடம்பு அது. செவெரினோ தன்னையறியாமல் பாதி எழுந்து, ஒரு கை திரையைப் பிடித்திருக்க, போவதா உட்காருவதா என்று தெரியாமல் நின்றார். பலகைக்கு அந்தப் பக்கம் கதை சொல்லிக்கொண்டிருந்தவனின் குரல் நின்றது. சிரிப்பும் நின்றது. அங்கே எல்லாரும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.